மடை திறந்தவர் யார்?

வேதாரண்யம் கால்வாயை ஒட்டிய ஊர்ப்புறங்களில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்து வருவது நமக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஒருபுறம் அகஸ்தியன்பள்ளியின் உப்பளங்கள். 1930-ஆம் ஆண்டில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பெடுத்த பூமி அது. மறுபுறம் சதுரம் சதுரமாகக் கரை கட்டிய இறால் குட்டைகள். காற்றுச் சக்கரங்கள் இரவும் பகலும் நீரை அடித்து நுரைக்க வைத்துக்கொண்டிருக்கும். நண்டு புகாதிருக்கக் கரையைச் சுற்றி வேலி; காகமும் கொக்கும் இறங்காதிருக்க மேலே வலை. முன்பு நாம் அவற்றைப் பார்த்தவாறு கடந்து போவதுண்டு. அவற்றைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஒரு கேள்வி.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது இரண்டு குட்டைகளுக்கு உரியவர், ஒரு மாலை நம்மை வழிமறித்து, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். குஞ்சு விட்டு எழுபது நாள் ஆன நிலையில் அவருடைய இறால்களின் ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டன. தீனியைத் தொடாமல் அவை கரையோரம் வந்து ஒதுங்கின. வெண்புள்ளி நோய் என்பதை அறிந்ததும், கிடைத்த விலைக்குப் போகட்டும் என்று வலை போட்டு வாரி விற்றுவிட்டு, அன்றிரவே மடையைத் திறந்து தண்ணீரைக் கால்வாயில் விட்டுவிட்டார். பத்து நாள் கழியுமுன் கீழ்ப்புறத்துக் குட்டைகள் இரண்டு செத்தன. "கீழே இருப்பவருக்கு நான் கொடுக்க வேண்டிய கடன் ஏதும் உண்டா?" இதுதான் அவர் கேட்டது.

நாம் உடனே விடை சொன்னோம். உடனே சொன்னதுதான் பிழை என்று பின்னர் உணர்ந்தோம். அதனை இங்கே மறைக்க விரும்பவில்லை.

நம் பகுதியினர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்களாயினும், உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பை இளமையில் ஆவலுடன் முதாலஆ செய்தவர்கள் நாம். ஒரு கேட்டை நேரடியாகச் செய்தவனை முபாஷிர் என்றும், அதற்குக் காரணமாய் அமைந்தவனை முதஸப்பிப் என்றும் அத்தொகுப்பு பிரித்துக் காட்டுகிறது. நேரே செய்தவன் வேண்டுமென்று செய்யாவிடினும் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன். காரணமாய் அமைந்தவன் மீதோ, வேண்டுமென்று செய்தாலன்றி ஈடு இல்லை. இவ்விதி நம் நாவின் நுனியில் நின்றது. "கொன்றது நோய்; நீர் காரணர் மட்டுமே; கெடுக்கும் எண்ணம் உமக்கு இருக்கவில்லை. ஆகவே கடன் இல்லை, தவ்பாச் செய்து கொள்ளும்" என்று கூறி அனுப்பினோம். அவர் தலையசைத்துப் போனார். முகம் மட்டும் தெளியவில்லை.

வீட்டுக்கு வந்து கிதாபைப் புரட்டியபோது, நாம் மறந்துவிட்ட ஓர் உதாரணம் அதே தொகுப்பில் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரம் உடையவரின் அனுமதியின்றிப் பொதுப் பாதையில் ஒருவன் கிணறு தோண்டுகிறான். பிறருடைய கால்நடை அதில் விழுந்து சாகிறது. தோண்டியவன் ஈடு கொடுக்க வேண்டும். அவனே தன் சொந்த நிலத்தில் தோண்டி, பிறர் மாடு வந்து விழுந்தால் ஈடில்லை. இரண்டிலும் கொல்லும் எண்ணம் இல்லை. வேறுபாடு வரம்பு மீறியதில்தான் இருக்கிறது. நம் மாணவரின் குட்டை அவருடையது, கால்வாயோ பொது. நோய் கண்டால் வலை போட்டு மட்டுமே பிடிக்க வேண்டும் என்றும், குளோரின் இட்டு நீரிலுள்ள கிருமியைக் கொன்று, அந்தக் குளோரினையும் நீக்கிய பின்னரே வடிகாலில் விட வேண்டும் என்றும் வனாமி இறால் வளர்ப்போருக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் விதி வகுத்திருக்கிறது. அதை மீறியதால் அவர் பொதுப் பாதையில் கிணறு தோண்டியவராகிறார். கீழ்க்குட்டைக்காரருக்கு அவர் கடன்பட்டவரே.

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இல்லை. மாணவரை அழைத்துத் திருத்தமான விடையைக் கூறியிருந்தால் போதும். ஆனால் இறால் நோய்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, கிணற்று உதாரணமும் போதாது என்னும் எண்ணம் வலுத்தது. கிணறு மாறுவதில்லை. பத்து மாடுகள் விழுந்ததால் அது பத்து முழம் கூடுதலாக ஆழமாகிவிடுவதில்லை. குட்டையில் வளரும் கிருமியின் நிலை அதுவன்று.

பரிணாமம் என்னும் சொல்லைக் கண்டதும் நம் வாசகருள் சிலர் புருவத்தை நெரிப்பர். மனிதனின் தொடக்கத்தைப் பற்றிய வழக்கை இங்கே நாம் கிளப்பவில்லை. சில ஆண்டுகளில், கண்ணெதிரே, அளந்து பார்க்கத்தக்கவாறு கிருமிகளிடமும் ஒட்டுண்ணிகளிடமும் நிகழ்கின்ற மாற்றத்தையே கூறுகிறோம். டெல்டா உழவருக்கு இது புதிதன்று. புகையான் பூச்சியைத் தாங்கும் என்று பிலிப்பைன்ஸில் 1973-இல் ஐ.ஆர். 26 என்னும் நெல் வெளியிடப்பட்டது. பல்லாயிரம் ஏக்கரில் அந்த ஒரே நெல் நின்றது. சில ஆண்டுகளுக்குள் அதையும் உறிஞ்சி வாழவல்ல புகையான் பெருகிவிட்டது. பூச்சி யோசித்துச் செய்த காரியமன்று இது. தின்ன முடியாதவை மடிந்தன. தின்ன முடிந்த சில பிழைத்துக் குஞ்சு பொரித்தன. அடுத்த தலைமுறை முழுதும் அவற்றின் பிள்ளைகளாயிற்று.

குட்டைக்குள் வருவோம். கடலில் இறால்கள் சிதறி வாழ்கின்றன. அங்கே ஒரு கிருமி தான் குடியிருக்கும் இறாலை இரண்டே நாளில் கொன்றுவிட்டால், அடுத்த இறாலைச் சேருமுன் தானும் அழிந்துபோகும். விருந்தோம்பும் வீட்டை இடித்தவனுக்கு இரவுத் தங்கல் இல்லை. ஆகவே மெல்லக் கெடுக்கும் கிருமிக்கே அங்கு வாழ்வு நீளும். குட்டையிலோ, ஒரு சதுர மீட்டர் பரப்பில், அதாவது ஒருவர் தொழ விரிக்கும் முஸல்லாவைவிடச் சற்றே பெரிய இடத்தில், வனாமிக் குஞ்சுகள் அறுபது வரை விட விதி இடந்தருகிறது. ஓர் இறால் சாகுமுன்பே அடுத்த இறால் அதை முட்டி நிற்கிறது; செத்த பின் அதைத் தின்னவும் செய்கிறது. இங்கே விரைந்து பெருகி விரைந்து கொல்லும் கிருமிக்கு இழப்பு ஒன்றுமில்லை. கடலில் தண்டனை பெற்ற அவசரம் குட்டையில் பரிசு பெறுகிறது.

கூட்டமும் கொள்ளைநோயும் கைகோத்து வருவதை இப்னு கல்தூன் அறிந்திருந்தார். 1348, 1349-ஆம் ஆண்டுகளில் தூனிஸ் நகரில் பரவிய பெருங்கொள்ளை நோயில் தாய் தந்தையரை இழந்தவர் அவர். 1377-இல் எழுதிய முகத்திமாவில், மக்கள் நெருக்கம் மிகுந்து காற்று கெடுவதே கொள்ளை நோயின் காரணம் என்றும், குடியிருப்புகளுக்கு இடையே வெற்றிடங்கள் வேண்டும் என்றும் கூறுகிறார். காற்றைப் பற்றிய அவருடைய விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. நெருக்கத்தைக் கண்ட கண் மட்டும் பிழைபடவில்லை. அவர் காணாதது ஒன்று உண்டு: நெருக்கம் நோயைப் பரப்புவதோடு நில்லாமல், எப்படிப்பட்ட நோய் பிழைக்க வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கிறது.

இதற்கான சான்றுகளுள் தெளிவானவை குளிர்நாடுகளிலிருந்து வந்தவை. நார்வேயில் கடலில் வலைக்கூண்டு கட்டிச் சால்மன் மீன்களைப் பெருந்திரளாக வளர்க்கின்றனர். சால்மன் பேன் என்னும் ஒட்டுண்ணி அவற்றின் தோலைச் சுரண்டித் தின்கிறது. பண்ணைகள் மிகுந்த கடற்பகுதியிலிருந்தும், பண்ணையில்லாக் கடற்பகுதியிலிருந்தும் இப்பேன்களைத் திரட்டி வந்து, ஆய்வுக்கூடத்தில் ஒரேவிதமான மீன்கள் மீது விட்டுப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். பண்ணைப் பகுதிப் பேன்கள் தோலை அதிகம் புண்ணாக்கின. மீனின் வளர்ச்சியையும் அதிகம் குறைத்தன. மீன் ஒன்றே, கூடும் இடமும் ஒன்றே, வேறுபட்டது பேனின் வமிசம். ஃபின்லாந்திலோ நன்னீர்ப் பண்ணைகளில் குஞ்சு மீன்களைத் தாக்கும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகி வந்ததை இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 2010-இல் எடுத்துக்காட்டினர். அந்தக் கிருமி செத்த மீனிலிருந்தும் நன்கு பரவவல்லது. பிணத்திலிருந்தும் பயணம் புறப்படக் கூடிய ஒன்று, உயிரோடு இருப்பதைக் காப்பாற்றி வைக்க ஏன் வேண்டும்?

நம் கரைக்கு நெருங்கிய சான்று வெண்புள்ளி நோயே. 1990-களின் தொடக்கத்தில் கிழக்காசியப் பண்ணைகளில் தலைகாட்டிய இந்த வைரஸ் 1994-இல் இந்தியாவின் கிழக்குக் கரையை அடைந்தது. அன்று புலி இறாலில் பணம் கொட்டும் என்று நம்பி நிலத்தை அடகு வைத்தவர்கள், ஒரு வாரத்தில் குட்டை முழுவதும் வெளுத்துக் கிடக்கக் கண்டு திகைத்தனர். தாய்லாந்திலிருந்து எடுத்த இந்த வைரஸின் இரு வகைகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2005-இல் எழுதினர். மரபுச் சரம் நீண்டது ஒன்று. அதை மூதாதை என்று கருதினர். சரத்தின் ஒரு பகுதியை இழந்து குறுகியது மற்றொன்று. மூதாதை இறாலைக் கொல்ல எடுத்துக்கொண்ட காலம் குறுகியதைவிடப் பல மடங்கு நீண்டது. இரண்டையும் ஒன்றாகச் செலுத்தி இறாலிலிருந்து இறாலுக்கு மாற்றிக்கொண்டே போனபோது, சில சுற்றுகளிலேயே குறுகியது மூதாதையை வெளியேற்றிவிட்டது. சுமையைக் குறைத்துக்கொண்டு ஓடுகிற தபால்காரன் போலும்!

கிருமி எப்போதும் கொடிதாகியே தீரும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பயிரை அழித்த முயல்களை ஒழிக்க 1950-இல் மிக்ஸோமா வைரஸை விட்டனர். தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மாண்டன. சில ஆண்டுகளில் கொடுமை தணிந்த வகைகளே எங்கும் பரவியிருந்தன. கொசு கடித்து எடுத்துச் செல்ல, முயல் சற்று நாள் உயிரோடிருக்க வேண்டியிருந்தது, அதுவே காரணம். ஆகவே கிருமியின் குணம் அதற்கு நாம் அமைத்துத் தரும் வழியைப் பொறுத்தது. பரந்த காட்டில் ஒருவிதம். அடைத்த குட்டையில் வேறுவிதம்.

குட்டைக்குள்ளேயே கூட இரு வழிகள் உண்டு. 2009-இல் இந்திய அரசு அமெரிக்காவிலிருந்து நோயற்ற வனாமித் தாய் இறால்களைக் கொண்டுவர அனுமதித்தது. சென்னை நீலாங்கரையில் அவற்றைத் தனித்து வைத்துச் சோதித்த பின்பே குஞ்சுப் பண்ணைகளுக்குக் கொடுக்கின்றனர். நோயற்றவை என்பதற்கு நோயைத் தாங்குபவை என்று பொருளன்று. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளான கோடிக்கணக்கான இறால்கள், ஒரே வயதில், ஒரே நீரில். தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுப் போட்டால், ஒரு சாவி கிடைத்த கள்வனுக்குத் தெரு முழுவதும் திறந்துவிடும். 2009-இல் தாய்லாந்தில் பெயரிடப்பட்ட இ.எச்.பி. என்னும் நுண்ணொட்டுண்ணி அத்தகைய கள்வன். வனாமிக் குட்டைகளுக்குள் அது நுழைந்துவிட்டதைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 2016-இல் எழுதினர். அது கொல்வதில்லை. இறாலின் ஈரல் போன்ற செரிமான உறுப்பில் அமர்ந்து, தின்ற தீனியை உடலில் சேரவிடாமல் செய்கிறது. நூறு நாள் கழிந்தும் இறால் விரல் நீளத்திலேயே நிற்கும். சாவு இல்லாததால் உரியவர் குட்டையைக் காலி செய்வதில்லை. இன்னும் கொஞ்சம் தீனி போட்டால் தேறும் என்று போட்டுக்கொண்டே இருப்பார். அவ்வளவு காலமும் கழிவோடு வித்துகள் வெளியேறிச் சேற்றில் தங்கும். அடுத்த போகத்துக் குஞ்சுக்காகக் காத்திருக்கும். பதறிக் கொல்லும் கிருமிக்கும் குட்டை இடங்கொடுக்கிறது. பதுங்கித் திருடும் கிருமிக்கும் இடங்கொடுக்கிறது. இடம் மறுக்கப்பட்டது, முன்பு கடலில் இறாலோடு ஒருவாறு ஒத்து வாழ்ந்ததற்கே.

நம் மாணவர் செய்த அவசரப் பிடிப்பும் இங்கே கவனிக்கத்தக்கது. நோய் கண்டதும் வாரி விற்பது இயல்பு. கடன் வாங்கியவரைக் குறை கூற நாவு எழவில்லை. ஆனால் இறாலின் ஆயுள் எவ்வளவு குறுகுகிறதோ, அவ்வளவு விரைவாகப் பெருகி வெளியேறிவிடும் கிருமியே மிஞ்சும். நிதானமாய் வளர்வது பெட்டியில் ஐஸோடு சந்தைக்குப் போய்விடுகிறது. விரைந்தது மடை வழியே கால்வாய்க்குப் போகிறது. மடையைத் திறந்த கை நீரை மட்டும் விடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வித்தைக் கீழ்ப்புறத்தில் விதைத்தது.

அப்படியானால் கடன் யாருக்கு? கீழ்க்குட்டைக்காரர் கண்ணுக்குத் தெரிகிறார். அவரோடு கணக்குத் தீர்க்கலாம். அடுத்த ஆண்டு குஞ்சு விடப்போகிறவர் தெரியவில்லை. வேதாரண்யம் கால்வாயில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் பெண்கள் இந்தக் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை. ஆறுகாட்டுத்துறையில் வலை இழுப்போரும் அவ்வாறே.

நம் கரையின் இறால் பண்ணைகள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவராயிருந்த ஜெகந்நாதன் 1994-இல் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பளித்தனர். கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் மரபு முறைக்கும் திருந்திய மரபு முறைக்கும் புறம்பான பண்ணைகளை அகற்ற வேண்டும் என்றும், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றும் கூறிய தீர்ப்பு அது. பின்னர் 2005-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பண்ணைகளைப் பதிவு செய்து நடத்த வழி வகுத்தது. அந்த வழக்கின் நடுவில் நின்றவை உவர் ஏறிய வயலும், கெட்டுப்போன குடிநீரும், நிலமற்றவரின் பிழைப்பும். அவை காணத்தக்க கேடுகள். அளந்து ஈடு விதிக்கத்தக்கவை. உவர்நீர் உவர்நீராகவே இருக்கும். விட்டவர் பெயர் அதில் ஒட்டியிருக்கும். மாறிப்போன கிருமியின் மீது யார் பெயர் இருக்கும்? ஆயிரம் குட்டைகள் ஆளுக்கொரு கைப்பிடியாகச் சேர்த்து உண்டாக்கியது அது. எந்த ஒருவரும் முபாஷிர் அல்லர். தனியே எடுத்தால் எவருடைய பங்கும் ஈடு விதிக்கும் அளவுக்கு இல்லை. எல்லாரும் சேர்ந்தாலோ கேடு முழுமையாக நிற்கிறது.

தனி ஒருவனின் கடனை மட்டும் அறிந்த மனம் இங்கே திகைத்து நின்றுவிடும். நமக்கு இன்னொரு வகைக் கடமையும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஊரில் ஒருவர் இறந்தால் ஜனாஸாத் தொழுகை யார் மீது கடமை? குறிப்பிட்ட எவர் மீதும் இல்லை. எல்லார் மீதும் உண்டு. சிலர் நிறைவேற்றினால் எல்லாரும் விடுபடுவர். எவரும் செய்யாவிடில் ஊர் முழுதும் குற்றத்துக்கு உள்ளாகும். பர்ளு கிஃபாயா என்னும் இதனைச் சிறுவர் மத்ரஸாவிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். கால்வாயின் நீர் அந்த வகையைச் சேர்ந்தது என்பது நம் துணிபு. ஒரு வேறுபாடும் உண்டு. அது நமக்குச் சாதகமானதன்று. ஜனாஸாவைச் சிலர் தொழுதால் போதும். கால்வாய் ஓரத்தில் சிலர் மட்டும் ஒழுங்காயிருந்து பயனில்லை. கடைசி மடைக்காரரும் சேர்ந்தாக வேண்டும்.

இது நடவாத காரியமன்று. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்து மொகல்தூரில், கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் ஆசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையங்களின் கூட்டமைப்பும் துணைநிற்க, சிறு குட்டைக்காரர்கள் 2000-களின் தொடக்கத்தில் சங்கமாகச் சேர்ந்தனர். எல்லாரும் ஒரே வாரத்தில் குஞ்சு விடுவது, நெருக்கத்தைக் குறைப்பது, நோய் கண்டவர் மறைக்காமல் அண்டையாருக்குச் சொல்வது, நோய் நீரைத் திறந்துவிடாதிருப்பது. நோயும் குறைந்தது, செலவும் குறைந்தது. அந்த முயற்சியிலிருந்தே 2007-இல் சிறு பண்ணையாளர் சங்கங்களுக்கான தேசிய மையம் பிறந்தது. அங்கே கூடியவர்கள் பரிணாமத்தைப் பற்றி நினைத்திருக்க வேண்டியதில்லை. போகத்துக்குப் போகம் எல்லாக் குட்டையும் ஒருசேரக் காய்ந்து கிடந்தால் கிருமிக்கு அடுத்த வீடு இல்லை. அவசரக்காரனுக்குப் பரிசு கொடுப்பது அங்கே நின்றது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மாணவரின் வீட்டுக்குப் போனோம். "அன்று சொன்னது பிழை, கீழ்க்குட்டைக்காரருக்கு நீர் கடன்பட்டிருக்கிறீர்" என்றோம். அவர் வாதிடவில்லை. "அன்றிலிருந்தே அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஹஜ்ரத்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். இருவரும் நடந்தோம்.

கீழ்க்குட்டைக்காரர் எழுபதை நெருங்கியவர். தேத்தாகுடிப் பக்கத்து வேளாண் குடும்பம். காய்ந்த குட்டையின் கரையில் அமர்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாணவர் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொல்லி, எவ்வளவு நட்டம் என்று கேட்டார். பெரியவர் வெகுநேரம் வலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

"தம்பி, முந்தின வருஷம் எனக்கு வெள்ளைக் கழிச்சல் வந்துச்சு. நானும் ராத்திரியிலதான் தொறந்து விட்டேன். அதுக்குக் கீழ இருக்கிறவன்கிட்ட நான் போகலியே" என்றார்.

மூவரும் கரையிலேயே அமர்ந்து, அந்தக் கிளைக் கால்வாயில் நீர் எடுக்கும் குட்டைக்காரர்களை எண்ணினோம். ஒன்பது பேர். திறந்துவிடாதவர் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர் இருவர். தம்முடைய நட்டத்துக்கு மாணவர் தர முன்வந்த பணத்தைப் பெரியவர் பாதி மட்டும் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார். மறுபாதியைக் குளோரின் வாங்க ஒதுக்கச் சொன்னார். ஒன்பது பேரும் தையில் ஒன்றாகக் குஞ்சு விடுவது என்று இப்போது பேசி வருகிறார்கள். ஒப்பந்தத்தைத் தாளில் எழுதித் தரும் வேலை நம்மிடம் வந்திருக்கிறது. பொது வடிகாலின் மடைக்குப் பூட்டுப் போடுவதில் எல்லாருக்கும் இசைவு. சாவி யாரிடம் இருப்பது என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை.